பொட்டில்லாத முகம்

நூலகத்தின் மாடியில் கொடி கட்டி, துணி காயப்போடும் கிளிப்புகளால் லேபிள்களைத் தொங்கவிட்டிருந்தோம். சுவரில் ஒட்டினால் பழைய காகிதம் கெட்டுவிடும் என்று நான்தான் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். மின்விசிறியைப் போட்டால் அத்தனை முகங்களும் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். நிறுத்தினால் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து நம்மைப் பார்க்கும்.

நான் விருதுநகரில் பிறந்து, அங்கேயே கல்லூரியில் வரலாறு படித்து, திருத்தங்கலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் ஓர் அச்சகத்தில் பிளேட் போடுகிற, அதாவது அச்சுத் தகடு தயாரிக்கிற பிரிவில் இருந்தார். மகளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. நூலகத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருந்தது. ஆவணியில் மூன்று நாள் விழா நடத்துவார்கள். வில்லுப்பாட்டு, பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, கடைசி நாள் பேச்சும் பாட்டும். அந்த வருடம் நூலகருக்குப் புது யோசனை வந்தது.

"நம்ம ஊருல ஓவியம்னா எது தங்கச்சி? தீப்பெட்டி லேபிளும் வெடி லேபிளுந்தான். நம்மாளு வரைஞ்சத நாடு பூரா வாங்கி, கிழிச்சுல்ல போடுதான்" என்று சிரித்தார். "பழசையெல்லாம் சேத்துக் காட்டுவோம். வரலாறு படிச்சவுக நீங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ நாலு வரி எழுதிருங்க."

யாராவது ஒரு பொறுப்பைக் கொடுத்தால் மறுக்கத் தெரியாது எனக்கு. மூன்று மாதம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து, பழைய நோட்டு அட்டையிலிருந்து என்று லேபிள்கள் வந்தன. கிளி, ரயில், தாமரை, இரண்டு கால்களையும் தூக்கி நிற்கிற குதிரை. ஒரு வீட்டில் அரிசி டின்னுக்கு அடியில் ஒரு குழந்தை இருந்தது. வெடி லேபிள் ஒன்றில், தலையணையில் உட்கார்ந்து சிரிக்கிற குழந்தை. கையால் வரைந்து, கல்லச்சில் அடித்தது. முகமெல்லாம் பொடிப்பொடியான புள்ளிகள். கீழ்வரிசையில் இரண்டு பல்.

அதைப் பார்த்ததும் என் கை தானாக மகளின் வாய்க்குப் போனது. அதே இரண்டு பல். அதே நெற்றி, இடது புருவம் கொஞ்சம் ஏறினாற்போல. முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னைக் கண்டால் மகள் "பாப்பா" என்பாள். அந்த லேபிளைக் கண்டும் அதையே சொல்லிக் கையை ஆட்டினாள்.

வீட்டில் காட்டியபோது கணவருக்கு ஆச்சரியமே இல்லை.

"எனக்குத் தெரியுமே. இந்த மார்க்கு இன்னும் ஓடுது. படத்த எடுத்துட்டுப் போட்டோவாப் போடணும்னு கம்பெனியில சொல்லுதாக. ஆனா மூஞ்சி மாறக்கூடாதாம். வடக்க வியாபாரிக எழுத்த வாசிக்கமாட்டாக, மூஞ்சியப் பாத்துத்தான் ஆர்டர் போடுவாகளாம். நான் சொல்லிட்டு வந்திருக்கேன், அந்த மூஞ்சி எங்க வீட்டுலயே இருக்குன்னு."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை இப்போது மறைக்க முடியாது. ஸ்டூடியோவில் படம் பிடிக்கப் புதுச் சட்டை எடுத்தோம். கணவரின் அக்கா, என் மதினி, பக்கத்துத் தெருவிலிருந்து வந்து கன்னத்தில் பெரிதாகத் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டார். அவர் வெடிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற வேலை பார்த்தவர், பார்ப்பவர். "நான் ஒட்டாத மூஞ்சி இல்ல. இப்ப என் மருமக மூஞ்சியவே ஒட்டப்போறேன்" என்று ஸ்டூடியோக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரண்டு நாள் கழித்துக் கணவர் படத்தின் நகலைக் கொண்டுவந்தார். கன்னம் பளிச்சென்று இருந்தது.

"பொட்டு எங்க?"

"கம்ப்யூட்டர்ல எடுத்துட்டான். லேபிளுக்கு எடுப்பா இல்லையாம்."

சரி என்றேன். அந்த இடத்தைத் துடைத்த மாதிரிகூடத் தெரியவில்லை. அங்கே எப்போதுமே எதுவும் இல்லாதது போல இருந்தது.

பழைய லேபிளுக்கு நான் எழுதிய அட்டை எனக்கே மிகவும் பிடித்திருந்தது. 'இந்தக் குழந்தை யார் பெற்றதும் அல்ல. ஓவியர் மனத்தில் பிறந்து, ஊரெல்லாம் வளர்ந்தது.' மூன்றாம் நாள் மேடையில் நான் வாசிக்கவிருந்த கட்டுரையையும் இந்த வரியில்தான் முடித்திருந்தேன். நூலகர் இரண்டு முறை வாசித்துப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார். யாரிடமாவது கேட்டுப் பார்த்தோமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. வரலாறு படித்தவள்.

விழாவின் முதல் நாள் காலையிலேயே கூட்டம் வந்துவிட்டது. அத்தனை பேர் வருவார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வந்தவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, தங்கள் வயதைப் பார்த்தார்கள். மதினி ஒவ்வொரு கொடியாகப் போனார்.

"இந்தக் கிளி லேபிளு ஒட்டும்போதுதான் என்னையப் பொண்ணு பாக்க வந்தாக. கையெல்லாம் மைதாப் பசை. அந்தாளு காபி டம்ளர வாங்கினாரு, விடவே முடியல, ஒட்டிக்கிச்சு!"

"இன்னும் விடலையே மதினி" என்றாள் கூட வந்தவள்.

"எங்க விடுதாரு!"

கீழே வில்லுப்பாட்டுக்காரர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்லில் கோல் விழும் சத்தம் தரை வழியாகக் காலுக்கு வந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் கலைந்து, நானும் மகளும் மட்டும் மாடியில் இருந்தபோது அந்த அம்மா ஏறி வந்தார். அறுபது வயது இருக்கும். வெளுத்த நூல்சேலை. கிளி, ரயில் எதையும் பார்க்காமல் நேராகக் குழந்தை லேபிளுக்குப் போய் நின்றார். மின்விசிறியில் அது திரும்பிக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு விரலால் அதன் ஓரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"தாயி, இங்கன கீழ என்ன எழுதியிருக்கு? வாசி."

மேடைக்காகப் பழகிவைத்திருந்த குரலில் வாசித்தேன். அவர் திரும்பினார்.

"யாரும் பெக்கலையா?"

"இல்லம்மா, அது கற்பனை. வரைஞ்சவர் மனசுல தோணினது."

"நான் பெத்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் தப்பாக எழுதியிருந்தால் திருத்துவதுபோலச் சொன்னார். "ரெண்டு நாளு வலி. மூணாம் நாளு காலையில."

அவரே சொன்னார். அவர் கணவர் அந்தக் காலத்துக் கல்லச்சு ஆபீசில், படம் எழுதும் கல்லைத் தேய்த்து மட்டமாக்குகிற வேலை பார்த்தவர். படம் வரைகிறவர் ஒரு குழந்தை வேண்டும் என்று கேட்க, இவர் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு நாள் முழுக்கத் தலையணையில் உட்காரவைத்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். லேபிள் வெளியே வந்தது. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டது.

"பெறகு தீவாளி வந்துச்சு" என்றார். "ஊரு பூரா எம்பிள்ளைய வெடிச்சாக. யாரையும் குத்தஞ் சொல்லல. அவுகளுக்கு என்ன தெரியும். விடிஞ்சதும் பொறுக்கப் போனேன். ஒரு தெருவுல கண்ணு கெடக்கும், ஒரு தெருவுல வாயி. இன்னைக்கும் வருசாவருசம் போறேன். இந்த மார்க்கு நிக்கலையே."

பிறகு லேபிளின் கன்னத்தைத் தொட்டார்.

"பொட்டு வச்சுத்தான் அனுப்புனேன், தாயி. இங்கன, இம்புட்டுப் பெருசு. வரைஞ்ச ஆளு அத விட்டுட்டாரு. படத்துக்கு எடுப்பா இல்லன்னாராம்."

அந்தச் சொற்களை நான் மூன்று வாரத்துக்கு முன்பு என் வீட்டில் கேட்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் என் இடுப்பைப் பார்த்தார். என் மகள் புது முகம் கண்டால் வீறிட்டு அழுகிறவள். அன்று அழவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்த அம்மா வாங்கிக்கொண்டார். பெயர் என்ன என்றோ எத்தனை மாதம் என்றோ கேட்கவில்லை.

"எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

பிறந்ததைக் கேட்கிறார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். நான் மாதத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டியது, கணக்குச் சரியாக இருக்கிறது என்பதுபோல இருந்தது. ஒரு நிமிடம்தான் வைத்திருப்பார். பிறகு கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். மகளின் படமும் அதே பெயரில், அதே லேபிளாக வரப்போகிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

சாயங்காலம் மகளுக்கு உடம்பு சுட்டது.

மருத்துவர் வாயைத் திறந்து பார்த்து, கடைவாய்ப் பல் வருகிறது, மருந்து கொடுங்கள் என்றார். மருந்து கொடுத்தேன். ஈரத்துணி போட்டேன். மறுநாள் காலையிலும் சூடு இறங்கவில்லை. நான் படித்தவள், இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடமாட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே ஐந்து நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எப்போதும் சிரிக்கிறவர், அப்போது சிரிக்கவில்லை.

"ஏத்தா, அந்தம்மாவ எனக்குத் தெரியும். தீவாளி மறுநா எங்க கம்பெனித் தெருவுல குனிஞ்சு குனிஞ்சு போகும். குப்ப பொறுக்குதுன்னு நெனைச்சோம்." பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ போ. அச்சாபீசுக்குப் போயி எந்தம்பிகிட்டச் சொல்லு. இன்னிக்குத்தான் அது ஓடுதுன்னு சொன்னான்."

படத்தையே நிறுத்திவிடுங்கள் என்று சொல்லத்தான் பஸ் ஏறினேன்.

அச்சகத்துக்குள் நுழைந்ததும் மசி வாசம். மெஷின் ஓடி அப்போதுதான் நின்றிருந்தது. கதவுக்குப் பக்கத்திலேயே தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த மெஷினில் ஒரு தடவைக்கு இரண்டு நிறம்தான் அடிக்க முடியும். முதலில் மஞ்சளும் சிவப்பும். காய்ந்த பிறகு நீலமும் கறுப்பும். மஞ்சளும் சிவப்பும் மட்டும் ஓடியிருந்தது. ஒரு தாளுக்கு நாற்பது முகம். நாற்பதும் என் மகள். தலைமுடி இல்லை. கண்மணி இல்லை, அந்த இடத்தில் வெளிறிய குழி. முகம் முழுக்கச் செக்கச்செவேலென்று, வீட்டில் விட்டுவிட்டு வந்தேனே, அந்தக் காய்ச்சல் முகம். சுவர் உயரத்துக்கு அடுக்கடுக்காக அது இருந்தது. தொட்டுப் பார்த்தேன். மெஷினிலிருந்து வந்த தாள் வெதுவெதுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை வெடுக்கென்று எடுத்தேன்.

இதை நிறுத்த முடியாது என்று அப்போதே புரிந்துவிட்டது. அத்தனை தாளையும் யார் எரிப்பார்கள்? எரிப்பதும் நல்லதா?

கணவர் உள்ளே கண்ணாடி மேசைக்கு முன்னால் இருந்தார். கீழே விளக்கு எரிகிற மேசை.

"ஏ, பிள்ளைக்குக் காச்சல்னு சொன்ன. விட்டுட்டு இங்க என்ன பண்ணுத?"

"பொட்டு வைக்கணும்."

"யாருக்கு?"

"படத்துக்கு."

மெஷின்காரர் என்னை எட்டிப் பார்த்தார். "அண்ணே, மதினி சாமி கும்பிடவுல்ல வந்திருக்காக. தேங்கா ஒடைக்கவா?"

கணவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். கோவையாகச் சொன்னேனா என்று தெரியாது. கண்ணு ஒரு தெரு, வாய் ஒரு தெரு என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"நீ படிச்சவதான?" என்றார்.

"படிச்சவதான். வச்சிருங்க."

கறுப்புக்கான பிலிம் மேசைமேல்தான் கிடந்தது. அதை வைத்துத்தான் இனிமேல் பிளேட் போட வேண்டும். அந்தப் பிலிமில் ஒரு புள்ளி வைத்தால் எல்லாத் தாளிலும் அது விழும். அவர் மெல்லிய தூரிகையைக் கறுப்பு மையில் தொட்டுக்கொண்டார். விளக்கின் மேல் நாற்பது முகங்களும் சாம்பல் நிறத்தில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தன.

"இந்தா, ஒண்ணாவது பிள்ளைக்கு" என்று வைத்தார். "ரெண்டாவது பிள்ள, அழப்படாது. மூணாவது, இது சேட்டைக்காரி." மெஷின்காரரும் சேர்ந்து எண்ணினார். பத்துப் பன்னிரண்டு வரைக்கும் விளையாட்டாக இருந்தது. அதற்குப் பிறகு எண்ணுவது நின்றது. மெஷின்காரர் போய்விட்டார். கணவர் தூரிகை வேண்டாம் என்று சுண்டுவிரல் நுனியைத் தொட்டு வைக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் பார்த்து, இடம் தேடி வைத்தார். கடைசிப் பொட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் மேலுதடு வியர்த்திருந்தது.

"இப்பம் காச்சல் எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது மதினியின் தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்து நனைந்திருந்தது. சூடு இறங்கியிருந்தது. இரண்டு நாள் கழித்துக் கடைவாயில் பல் வெள்ளையாகத் தெரிந்தது. மருத்துவர் சொன்னது சரிதான். அவர் சொன்னதைத்தான் நம்பினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மேடையில் அந்தக் கடைசி வரியை நான் வாசிக்கவில்லை. "இந்தக் குழந்தையைப் பெற்றவர் நம் ஊரில் இருக்கிறார். கல்லச்சில் கல் தேய்த்தவரின் மகள் இவள். என் அட்டையில் இருந்தது தவறு" என்று சொன்னேன். குழந்தையின் பெயரையும் சொன்னேன். மதினி நாலு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த பெயர் அது. இங்கே எழுத மனம் வரவில்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அன்று ராத்திரியே அட்டையையும் மாற்றி எழுதினேன். ஆனால் அந்த அம்மா அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. என் மகளின் படத்தைப் பற்றி மட்டும் நான் மேடையிலும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

ஐப்பசியில் தீபாவளி வந்தது. எங்கள் வீட்டில் அந்த வெடி வாங்கவில்லை. தெருவில் வாங்கினார்கள். விடியற்காலையிலிருந்து சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் மகளைப் பார்த்தேன். அவள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கன்னத்தில் பொட்டோடு பலகாரம் தின்றுகொண்டிருந்தாள். வெளிச்சம் நன்றாக வந்து சத்தம் ஓய்ந்ததும் வாசல் தெளிக்கப் போவதுபோல வெளியே போனேன். தெருவெல்லாம் காகிதம். புகை தரையோடு தரையாகக் கிடந்தது.

யாரும் மிதிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று குனிந்து பொறுக்கினேன். ஒரு காது. ஒரு நெற்றி, கருகியது. கன்னம் கிடைத்தால் பொட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஒன்றில் மேலே, ஒன்றில் வாயோரம், ஒன்றில் சாய்ந்து. விரலால் வைத்ததால் ஒன்றுபோல ஒன்று இல்லை. தனித்தனியாக நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது தாய்மார் வைத்ததுபோல இருந்தது.

புகைக்குள்ளிருந்து எதிரே அந்த அம்மா வந்தார். சேலை மடியில் காகிதம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதற்கு முன் நான் அவர் சிரித்துப் பார்த்ததில்லை.

"பாத்தியா தாயி? இந்த வருசம் பொட்டு வச்சிருக்காக. எம்பிள்ளைக்குப் பொட்டு வச்சிருக்காக." ஒரு கன்னத்தை எடுத்துக் காட்டினார். "எம்புட்டு வருசமாச் சொன்னேன். யாருக்கோ காதுல விழுந்திருக்கு."

இது உங்கள் பிள்ளை இல்லை, என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குத்தான் இரண்டு மாதமாகத் தவித்தேன். அவர் மடியை விரித்து நீட்டினார்.

"ஒங் கையில இருக்கதையும் குடு தாயி. எல்லாம் ஒண்ணா இருக்கட்டும்."

கையை மூடிக்கொண்டேன். பின்னால் எங்கள் வீட்டு வாசலிலிருந்து என் மகள் "அம்மா" என்று கூப்பிட்டாள்.

நாங்கள் இருவருமே திரும்பினோம்.

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்தாள். புகையில் எங்களில் யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் கையைத் திறந்தேன். காது, நெற்றி, பொட்டு வைத்த கன்னங்கள் எல்லாவற்றையும், விரலிடுக்கில் ஒட்டியிருந்த துண்டைக்கூட உதறி, அந்த மடியில் போட்டேன். காகிதத்தில் இருப்பதெல்லாம் உங்களுக்கு என்று மனதுக்குள் சொன்னேன். பிறகு ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அவள் கன்னத்துப் பொட்டு என் தோளில் பட்டு அழிந்துவிட்டது. மையை எடுத்துத் திரும்பவும் வைத்தேன்.